‘கிஃப்ட்’: பரிசும் நஞ்சும் ஒரே வேர்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் ‘கிஃப்ட்’ ஜெர்மனில் நஞ்சைக் குறிப்பது தற்செயலான ஒலி ஒற்றுமைதான், இரண்டுக்கும் உறவில்லை என்று சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அது தவறு. இரண்டும் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘கிவ்’, ஜெர்மனில் ‘கேபன்’ என்று வழங்கும் ‘கொடு’ வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. கொடுக்கப்பட்டது என்பதே அதன் முதற்பொருள்.

அதில் நஞ்சு எப்படிப் புகுந்தது? கிரேக்கத்தில் ‘தோசிஸ்’ என்றால் கொடுத்தல். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அதுவே பெயரானது. லத்தீன் மருத்துவ நூல்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. நாம் சொல்லும் ‘டோஸ்’ அதன் வழிவந்ததுதான். அந்த மருத்துவச் சொல்லுக்கு நேராகப் பழைய ஜெர்மனில் ‘கிஃப்ட்’டைப் போட்டார்கள். கொடுக்கும் மருந்து என்பது நாளடைவில் கொல்லக் கொடுக்கும் மருந்தாயிற்று. அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வதை நம் இலக்கணம் மங்கலம் என்று வகுத்திருக்கிறதே, அந்த வழக்கைப் போன்றது இது. எலியைக் கொல்வதையும் எலிமருந்து என்றுதானே சொல்கிறோம்! பிரெஞ்சிலும் இதே கதைதான்: ‘குடிப்பது’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லே அங்கே நஞ்சாகி, ஆங்கிலத்துக்கு ‘பாய்சன்’ ஆக வந்தது.

பழைய பொருள் ஜெர்மனில் அடியோடு அழிந்துவிடவில்லை. ‘மிட்கிஃப்ட்’ என்றால் பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீதனம். இதில் சொல்லின் இலக்கணப் பாலைக் கவனிக்க வேண்டும்; முன்னால் வரும் ‘டீ’, ‘டாஸ்’ அதைக் காட்டும். சீதனம் பெண்பால், ‘டீ மிட்கிஃப்ட்’. நஞ்சு அலிப்பால், ‘டாஸ் கிஃப்ட்’. டச்சு மொழியில் நன்கொடைக்கு ‘கிஃப்ட்’, நஞ்சுக்குக் கடைசி எழுத்து உதிர்ந்த ‘கிஃப்’. ஆனால் உரிச்சொல்லில் உதிர்ந்த எழுத்து திரும்பி வந்து ‘கிஃப்டிக்’ ஆகிவிடும். கற்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

ஸ்காண்டிநேவிய மொழிகளில் இன்னொரு பொருளும் சேர்கிறது. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜிய மொழிகள் மூன்றிலும் பெயர்ச்சொல்லாக வந்தால் நஞ்சு, உரிச்சொல்லாக வந்தால் ‘மணமான’. பெண்ணைக் கொடுத்தல் என்ற வழக்கிலிருந்து வந்தது அந்தப் பொருள். பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் விலையையே குறித்தது, பன்மையில் திருமணத்தை. அப்போது அது ‘யிஃப்ட்’ என்று ஒலித்தது. இன்றைய ககர ஒலியும் பரிசு என்ற பொதுப்பொருளும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியின் தாக்கம். ஸ்வீடன்காரர்களோ பின்னாளில் அந்தக் ககரத்தை விட்டுவிட்டு இன்று ‘யிஃப்ட்’ என்கிறார்கள்!

ஐஸ்லாந்து மொழியோ நஞ்சுக்குப் பழைய ஜெர்மானியச் சொல்லான ‘எய்துர்’ என்பதை விடவில்லை. அதே சொல் ஜெர்மனில் ‘ஐட்டர்’ ஆகிச் சீழைக் குறிக்கிறது. டேனிஷில் சிலந்தியின் பெயருக்கு முன்பாதியாகவும் இருக்கிறது. ‘கிஃப்ட்’ வந்து உட்கார்ந்ததும் நஞ்சுக்கு முன்பிருந்த சொல் இப்படி ஒதுங்கிப்போனதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

படிக்கவும் வேலைக்கும் ஜெர்மனி செல்பவர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் வேதிப்பொருள்களின் லேபிளில் எச் 301 என்ற குறியீடு இருந்தால், விழுங்கினால் நச்சு என்று பொருள். ஜெர்மனில் அது ‘கிஃப்டிக்’ என்று தொடங்கும். டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ் லேபிள்களிலும் முதற்சொல் இதே வேர்தான். நச்சு உட்கொண்டவருக்கு உதவி கேட்டு அழைக்கும் எண்ணை ‘கிஃப்ட்நோட்ரூஃப்’ என்பார்கள். பரிசு வாங்கப் போகிறவர் ‘கெஷெங்க்’ என்று கேட்க வேண்டும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், உண்மையிலேயே உறவில்லாத ஜோடிக்கு ‘பால்ட்’ என்ற சொல்லைக் காட்டலாம். எழுத்து மாறாமல் இரண்டு மொழியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வழுக்கை, ஜெர்மனில் ‘விரைவில்’. அந்த ஜெர்மன் சொல்லுக்கு உறவானது ஆங்கிலத்தில் துணிவைக் குறிக்கும் ‘போல்ட்’.

இப்படிக்கு,
வாசகர், கோவை