நுண்ணுயிர் வகுப்புக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

செஞ்சிப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் சனி ஞாயிறுகளில் நடந்த பிள்ளைகளுக்கான நுண்ணுயிர் வகுப்பு முடிந்துவிட்டது. கேட்டதும் முகம் சுளிக்காமல் பொருள் தந்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும், அதற்குத்தான் இது.

முதலில் நிலக்கடலைக்காரர் மாமா. பூ எடுத்து நிற்கிற கொல்லையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு செடியைப் பிடுங்கிக்கோங்க என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வேரை வாளித் தண்ணீரில் அலசினால் கடுகு பருமனில் முடிச்சு முடிச்சாக இருந்தது. ஒரு பெண் நகத்தால் ஒன்றைக் கிள்ளினாள், உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் அங்கே இருக்கிறது, அதனால்தான் அந்த நிறம், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா உள்ளே வேலை செய்கிறது என்றால் அதற்கு அடையாளமே அந்தச் சிவப்புதான் என்று சொன்னதும், பிள்ளைகளை விட மாமாதான் அதிகம் குனிந்து பார்த்தார். ரைசோபியம் பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்கிறவர் அவர், ஆனால் அது போய்க் குடியிருக்கிற வீட்டை இதுவரை கிள்ளிப் பார்த்ததில்லையாம்.

அடுத்து பேக்கரி அண்ணன். ஈஸ்ட்டும் தந்தார், கெடாமல் இருக்க எதுவும் சேர்க்காத பிரெட்டும் தந்தார். சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கலந்து பாட்டில் வாயில் மாட்டிய பலூன் எழுந்து நின்றது, சர்க்கரை போடாத பாட்டிலில் தொங்கியே கிடந்தது. சரி, அது எதிர்பார்த்ததுதான். பிரெட்டில்தான் வேடிக்கை. அழுக்குக் கை பட்ட துண்டு, சோப்பு போட்டுக் கழுவின கை பட்ட துண்டு, கையே படாத துண்டு என்று மூன்றையும் தனித்தனி கவரில் போட்டு ஒட்டி வைத்தோம். முதலில் பூசணம் பிடித்தது கையே படாத துண்டில்! பூசண வித்து காற்றிலேயே மிதக்கிறது, கவரில் போடும்போதே விழுந்திருக்கும். ஒரே ஒரு துண்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது, நிறைய துண்டு வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லி மறுபடி பிரெட் கேட்டுப் போனார்கள். "என் பிரெட்டுல பூசணம்னு ஊரெல்லாம் சொல்லிடாதீங்கப்பா" என்றவர்தான் இன்னொரு பாக்கெட்டும் கொடுத்தார். அண்ணே, சொல்லிவிட்டேன், மன்னிச்சிடுங்க. கவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, அப்படியே பிளீச்சிங் கரைசலில் முக்கிக் குழியில் புதைத்தாயிற்று, யாரும் பயப்பட வேண்டாம்.

மைக்ரோஸ்கோப்பை இரவல் தந்து கூடவே வந்து உட்கார்ந்த கல்லூரி விலங்கியல் மேடத்துக்குத் தனி நன்றி. வைக்கோல் ஊறின குட்டைத் தண்ணீரில் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிர் நிற்காமல் ஓட, துளியில் கொஞ்சம் பஞ்சு இழையைப் போட்டு அதை மடக்கினது அவர் கைவேலை. லூவன்ஹுக் என்ற டச்சுக்காரர் 1670களிலேயே தானே தேய்த்த ஒற்றை லென்ஸில் இதுபோன்ற உயிர்களைப் பார்த்தார், அவர் ஒரு ஜவுளி வியாபாரி என்று மேடம் சொன்னதும் ஜவுளிக்கடைக்காரர் பையனுக்கு வந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் பால்காரம்மா. கொதிக்கிற பால், வெதுவெதுப்பான பால், பிரிட்ஜ் பால் மூன்றிலும் ஒரே அளவு உறைமோர் விட்டோம். சாயங்காலம் வெதுவெதுப்பானது மட்டும் தயிராகியிருந்தது. பிரிட்ஜில் இருந்ததை வெளியே எடுத்து வைக்க, அது மறுநாள் உறைந்தது, கொதித்தது பாலாகவே கிடந்தது. "அது செத்துப்போச்சு, இது தூங்கிட்டிருந்துச்சு" என்றான் ஒரு நாலாம் வகுப்புப் பையன். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

அம்மா, உங்கள் டம்ளர்கள் மூன்றும் என்னிடம்தான் இருக்கின்றன. கழுவி வைத்திருக்கிறேன், நாளைக் காலை பால் ஊற்ற வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.