புதிய பதிப்பு இறங்குவதற்கு முன்: வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

வைரஸ் தடுப்பு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் நான்கு கணினிகளையும் ஒரு லேசர் பிரிண்டரையும் வைத்துக்கொண்டு டி.டி.பி. வேலை செய்துவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் பகுதியில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அது என் திரைக்கு வந்துதான் அச்சுக்குப் போகும். உங்களில் ஒரு நிறுவனத்துக்கு வருடம் தவறாமல் சந்தா கட்டுகிறேன். அவர்களிடமிருந்து சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய பதிப்பு விரைவில் தானாகவே வந்து இறங்குமாம். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லையாம். சென்ற முறையும் இதையேதான் எழுதியிருந்தார்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற முறை நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம், முகூர்த்த நெருக்கடி. காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டதும், அச்சுறுத்தல் ஒன்று நீக்கப்பட்டது என்று திரையின் மூலையில் ஒரு செய்தி. நல்ல காரியம் என்று மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுத் தட்டச்சில் கை வைத்தேன். தமிழ் வரவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் ஆங்கில எழுத்து. நான் பதினைந்து வருடமாகப் பயன்படுத்திவரும் தமிழ்த் தட்டச்சுச் செயலியைத்தான் அச்சுறுத்தல் என்று தூக்கியிருந்தார்கள், நான்கு கணினிகளிலும் ஒரே நேரத்தில். எதிரே பெஞ்சில் பெண்ணின் தகப்பனார் புரூஃப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். செயலியை மறுபடி நிறுவினேன். அரை நிமிடத்தில் மறுபடி காணாமல் போனது. உதவி எண்ணை அழைத்தால், பாதுகாப்பைக் கொஞ்ச நேரம் அணைத்துவிடுங்கள் என்றார்கள். காவலுக்கு ஆள் அனுப்பிச் சம்பளம் வாங்குகிறவரே, அவரைத் திண்ணையில் தூங்கச் சொல்லுங்கள் என்கிறார்! இதைத் தொடாதே என்று குறித்துவைக்கும் விலக்குப் பட்டியல் எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அன்றைய வேலையைப் பக்கத்துக் கடையில் இரவல் கணினியில் நள்ளிரவு வரை உட்கார்ந்து முடித்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். தமிழ்த் தட்டச்சுச் செயலி, நான் தட்டும் ஒவ்வொரு விசையையும் மற்ற மென்பொருளுக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே பிடித்துத் தமிழாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். கடவுச்சொல் திருடும் கீலாகரும் விசைகளை அதே இடத்தில்தான் பிடிக்கிறது. பிடித்ததை வெளியே கடத்துவது மட்டும்தான் வேறுபாடு. நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் உங்கள் இயந்திரம் இரண்டையும் குழப்பிக்கொள்வது எனக்குப் புரிகிறது. அந்தக் குழப்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் இதன் மேல்தான். ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்ய, அது உலகத்தில் எத்தனை கணினிகளில் இருக்கிறது, இன்னார் எழுதியது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் அதில் யாருடையது இருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறீர்கள். எங்கள் தமிழ்ச் செயலிகளில் பல, யாரோ ஓர் ஆர்வலர் அலுவலகம் முடிந்து வந்து இரவில் எழுதி இலவசமாகக் கொடுத்தவை. கையொப்பச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், காலம் முடிந்ததும் திரும்பவும் வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுக்கிறவர் அதற்கு எங்கே போவார்? பயன்படுத்துகிறவர்களும் உங்கள் கணக்குக்குக் கொஞ்சப் பேர்தான். ஆக, சிறிய மொழிக்காரன் கருவி என்பதே அதன் மேல் பாதிச் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. எட்டுக் கோடிப் பேர் மொழிக்கே இந்தக் கதி. படுகருக்கும் சௌராஷ்டிரருக்கும் யாராவது ஒரு செயலி எழுதினால் அது உங்கள் வாசலைத் தாண்டுமா?

விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் இருக்கிறது. அவை ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டும்தான் எழுதும். என்னிடம் இருபது வருடத்துக் கோயில் அழைப்பிதழ்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. வருடா வருடம் தேதியையும் உபயதாரர் பெயரையும் மாற்றித் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். அதற்குப் பழைய செயலி இல்லாமல் முடியாது.

இது என் சந்தின் பிரச்சினை மட்டுமல்ல என்பது உங்களுக்கே தெரியும். 2010 ஏப்ரல் 21 அன்று உங்களில் ஒருவரான மெக்கஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்து, கணினிகளை ஓயாமல் அணைந்து எழ வைத்தது. 2012 செப்டம்பரில் இன்னொரு நிறுவனமான சோஃபோஸ் தன்னுடைய புதுப்பிப்பு நிரலையே திருடன் என்று பிடித்துக்கொண்டது. (இதைப் படித்தபோது மட்டும் என் செயலிக்கு நேர்ந்ததை மறந்து சிரித்தேன்.) 2024 ஜூலை 19 அன்று, நம் நேரப்படி காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. நிரல் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, அனுப்பிய கோப்பில் இருந்தது 21. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுத்துவேலை செய்கிற எனக்கு அந்தப் படங்களைப் பார்த்து ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது உண்மை.

அதற்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக்காரர்கள் பாடம் படித்தார்கள். புதுப்பிப்பைக் கட்டம் கட்டமாக அனுப்புகிறார்கள். எந்தக் கணினிக்கு எப்போது என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கவும் வழி செய்தார்கள். பாதுகாப்பு மென்பொருளை விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்கு வெளியே இருந்து இயங்கச் செய்யும் வேலையை மைக்ரோசாஃப்ட் உங்களில் சிலரோடு சேர்ந்து தொடங்கியிருக்கிறது. அது நிறைவேறினால், உங்கள் மென்பொருள் விழுந்தாலும் என் கணினி எழுந்து நிற்கும். அதை உண்மையிலேயே ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

ஆனால் நேரத்தைத் தீர்மானிக்கும் அந்த உரிமை பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடக் கூடாது. நான்கு கணினி வைத்திருக்கிற எனக்கும் வேண்டும். புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியல் தினமும் வரட்டும், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. பதிப்பு மாறும்போது மட்டும் முதலில் ஒரு கணினியில் இறங்கட்டும். மூன்று நாள் பார்த்துவிட்டு மற்ற மூன்றுக்கும் நானே அனுமதி தருகிறேன். சரிப்படவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு பொத்தான் வையுங்கள். எதையாவது பிடித்தால், என்ன கோப்பு, ஏன் சந்தேகம் என்பதைத் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டு, தூக்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. ஐகார் சோதனைக் கோப்பு என்று 68 எழுத்துகளில் ஒன்று இருக்கிறது. தீங்கே செய்யாத அதை, சோதனைக்காகப் பிடித்துக்காட்ட வேண்டும் என்று உங்களுக்குள் ஓர் உடன்பாடு. பிடிக்க வேண்டியதில் ஒத்துப்போக முடிந்த உங்களுக்கு, பிடிக்கக் கூடாதவற்றுக்கும் ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொள்வது கடினமா? புதிய பதிப்பை வெளியிடுமுன் தமிழ்த் தட்டச்சுச் செயலிகள் நான்கைந்தை உங்கள் சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.

தை முகூர்த்தப் பத்திரிகைகளுக்கு எனக்கு மார்கழி பிறந்ததுமே ஆர்டர் வந்துவிடும். அதற்கு முன்பாகவோ மாசிக்குப் பிறகோ பதிப்பை இறக்கினால் உதவியாக இருக்கும். நான் பயன்படுத்தும் செயலிகள் ஆறையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். சோதித்துப் பார்ப்பதற்கு எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால், மறுநாளே கூரியரில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
கும்பகோணம்.