தவணை மாறவில்லை, கடன் வளர்கிறது

ஆசிரியருக்கு,

மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் வங்கிகள் நடந்துகொள்ளும் விதம் பெரும் வேதனை அளிக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, பல வங்கிகள் மாதத் தவணையை அப்படியே வைத்து, கடன்தாரரைக் கேட்காமலேயே தவணைக்காலத்தை நீட்டின. 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 25 லட்சம் ரூபாய் வாங்கியவருக்குத் தவணை சுமார் 19,380 ரூபாய், வட்டி 9.5 சதவீதமானால், அந்த அசலுக்கு ஒரு மாத வட்டியே 19,790 ரூபாயைத் தாண்டிவிடும். தவறாமல் கட்டியும் கடன் குறையாது, கூடும். அறுபது வயதில் முடியும் என்று நம்பிய கடன் எழுபதைத் தாண்டுவதை, கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகே எங்கள் தெருவில் ஒருவர் அறிந்தார்.

வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், மீதமுள்ள தவணைகளைக் காட்டும் அறிக்கையைக் காலாண்டுதோறும் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டது. ஆனால் கிளைகளில் இதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

வீட்டுக் கடனோடு சேர்த்து விற்கும் காப்பீடு இதைவிடக் கொடுமை. அது கட்டாயம் என்று சொல்லி, பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து, அதற்கும் இருபது ஆண்டு வட்டி வசூலிக்கிறார்கள். காப்பீடு வேண்டாம் என்று மறுக்கும் உரிமையைக் கடன் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை