கத்திரி வெயிலில் கோட்டும் டையும் கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் எடுக்கும் கம்பெனிகளின் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கும், பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்பும் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கும், வணக்கம்.

நான் தாம்பரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு அனுப்பும் கால் லெட்டரில் ‘ஃபார்மல்ஸ் கட்டாயம்’ என்று ஒரு வரி போடுகிறீர்கள் அல்லவா, அந்த வரி நேராக என் கடைக்குத்தான் வந்து சேர்கிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூலை வரைக்கும் பழைய பேன்ட்டைப் பிடிக்கக் கொடுக்கிறவர்கள், அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து “தோளைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்கண்ணா” என்கிறவர்கள், டை முடிச்சுத் தெரியாமல் என்னையே போடச் சொல்லி, முடிச்சு அவிழாமல் தலைவழியாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். எனக்கு வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன், மே மாதச் சென்னையில் இந்தக் கோட்டும் டையும் எதற்கு?

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், சாதாரணமாக 37, 38 அடிக்கும் நாளே போதும். இங்கே ஆளைக் கொல்வது வெயிலைவிடப் புழுக்கம். வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும், காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் அது லேசில் போகாது, சட்டையிலேயே நிற்கும். அதன்மேல் ஒரு கோட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று தைக்கிறவனைக் கேளுங்கள். மேலே சூட்டிங் துணி, விலை குறைந்த கோட் என்றால் பெரும்பாலும் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. உள்ளே நெஞ்சுப் பக்கம் கேன்வாஸ் அல்லது ஒட்டுத்துணி, தோளில் பேட், எல்லாவற்றுக்கும் அடியில் வழவழப்பாக லைனிங், அதுவும் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. ஆக, வேர்த்த ஈரம் எங்கும் போக வழியில்லாமல் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். டை இன்னும் மோசம். சட்டைக்குள் சூடேறுகிற காற்று மேலே ஏறிக் பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் வெளியே போகும், அந்த வாசலை, விறைப்புக்குப் பக்ரம் துணி வைத்த காலரை இறுக்கிப் பூட்டி, மேலே ஒரு முடிச்சும் போட்டு அடைத்துவிடுகிறீர்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் இது தெரியாது, ஏசி ஓடுகிறது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு கிண்டியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு நெருக்கி உட்கார்ந்து, சிறுசேரி என்றால் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, உங்கள் கேட்டை எட்டுகிற பையன், கதவைத் திறந்தால் குளுகுளுவென்று இருக்கும் காரில் அப்பா கொண்டுவந்து இறக்கிவிட்ட பையனுக்குப் பக்கத்தில் உட்காருகிறான். இரண்டு பேரும் ஒரே மாதிரி கோட்தான். இவன் அக்குள் நனைந்திருக்கிறது, அவன் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்களே, அதில் நீங்கள் எழுதுவது அந்தப் பிள்ளையின் ஒழுங்கையா, அவன் எதில் வந்தான் என்பதையா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, வெயில் காலத்தில் அந்தக் கட்டம் வண்டியைத்தான் அளக்கிறது.

‘தொழில்முறை மரியாதை’ என்பீர்கள். சரி, உடையில் நீதிமன்றத்தைவிடக் கறாரான இடம் எது? பார் கவுன்சில் விதியே உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்கிறது. தமிழ்நாடு அரசு 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை ஆணையில் அன்றாடம் அலுவலகம் வர ஆண்களுக்குச் சட்டை பேன்ட் போதும், வேட்டியும் கட்டலாம். கோட் இல்லாமல் வெளியே வராத நாடு என்று நாம் நினைக்கும் ஜப்பானில், 2005 கோடையிலேயே சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘கூல் பிஸ்’ என்று ஒரு இயக்கம் தொடங்கி, ஏசியை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றுங்கள் என்றது, பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். அங்கே எல்லாம் மரியாதை குறைந்து போய்விடவில்லை. வேட்டியில் இன்டர்வியூவுக்கு விடுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை, நல்ல அரைக்கைச் சட்டையில் வருகிறவனை ஏற இறங்கப் பார்க்காதீர்கள் என்கிறேன். அரைக்கை என்றால் ஏன் உங்களுக்கு இளக்காரம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

பெண் பிள்ளைகள் பாடு தனி. சுடிதார்தானே, காற்றாட இருக்குமே என்று நினைப்பீர்கள். மெல்லிய காட்டனாக இருந்தால் உள்ளே தெரியுமே என்று லைனிங் கொடுத்துத் தைக்கச் சொல்வார்கள், அந்த லைனிங்கைக் காட்டனில் போட்டால் செலவு ஏறும் என்று செயற்கைத் துணியில் போடுகிற கடைகள் உண்டு. அதற்கு மேல் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, அதற்கும் மேல் கல்லூரி எடுத்துக் கொடுத்த பிளேசர். நாலு அடுக்கு ஆகிவிட்டது, எண்ணிப் பாருங்கள்.

இதைப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. வெளிர் நீலமும் சாம்பலும் போட்டு வராதீர்கள், வேர்த்தால் படம் வரைந்த மாதிரி காட்டிக்கொடுக்கும் நிறங்கள் அவை. வெள்ளை, இல்லையென்றால் நல்ல கருநீலம். நூறு சதவீதக் காட்டன் பஸ்ஸிலேயே கசங்கிவிடும், ஆகவே காட்டன் அதிகமாக உள்ள கலப்புத் துணி, மெல்லியதாக, உடம்பைப் பிடிக்காத அளவில். இப்போதைய ஃபேஷன் என்று ஒட்டத் தைக்கச் சொல்கிறீர்கள், ஒட்டிய இடமெல்லாம் நனையும். உள்ளே கை வைத்த பனியன் போடுங்கள், அக்குள் ஈரத்தை முதலில் அது வாங்கிக்கொள்ளும். முடிந்தால் டீ சர்ட்டில் பயணம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை அட்டை வைத்து மடித்துப் பையில் எடுத்துவந்து, போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே மாற்றுவது? அதிகாரிகளே, இந்தக் கேள்வி உங்களுக்கு. பதினோரு மணிக்கு இன்டர்வியூ என்றால் செக்யூரிட்டி பத்தே முக்காலுக்குத்தான் உள்ளே விடுகிறார், அதுவரை ரோட்டோரம், நிழல் இருந்தால் உண்டு. வாக்-இன் என்றால் இன்னும் கொடுமை, வரிசை கேட்டுக்கு வெளியே வளைந்து நிற்கும். அரை மணி முன்னாலேயே உள்ளே விடுங்கள். ஒரு மின்விசிறி, முகம் கழுவத் தண்ணீர், சட்டை மாற்ற ஒரு கழிவறை, இவ்வளவுதான். உங்கள் கட்டடத்தில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டியதில்லை.

கால் லெட்டரில் அந்த ‘ஃபார்மல்ஸ்’ வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: “சுத்தமான, இஸ்திரி போட்ட சட்டை பேன்ட் அல்லது சுடிதார் அல்லது புடவை போதும். கோட், டை, பிளேசர் வேண்டாம். உடை மாற்ற வசதி உண்டு.” ‘கட்டாயமில்லை’ என்று எழுதினால் வேலைக்காகாது, போட்டு வந்தவனுக்கு மார்க் கூடுமோ என்ற பயத்தில் எல்லாரும் போட்டுத்தான் வருவார்கள். வேண்டாம் என்றே எழுத வேண்டும்.

அப்புறம் பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கு. ஒரு பேட்ச் முழுவதற்கும் மொத்தமாக பிளேசர் ஆர்டர் கொடுத்து அதைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள். வேலை கிடைத்த பிறகு அதை யாரும் போடுவதில்லை, ஆல்டரேஷனுக்குக்கூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காசுக்கு ஆளுக்கு இரண்டு நல்ல சட்டை, ஒரு பேன்ட் தைத்துவிடலாம், வேலைக்குச் சேர்ந்த பிறகும் போடுவார்கள். கோட்டில்தான் எனக்குக் கூலி அதிகம், இருந்தாலும் சொல்கிறேன். இந்த வருட ஆர்டர் இன்னும் போடவில்லை என்றால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். சட்டை என்றால் துணி மாதிரியோடு நானே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தாம்பரம் பக்கத்துத் தையல்காரன்