டிக்கியில் சுமை ஏற்றுகிறவர்கள் காரைத் தாழ்த்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் 22 வருடமாக மைக் செட் தொழில் செய்கிறேன். முன்பெல்லாம் குட்டி யானை வாடகைக்குப் பிடிப்பேன். இப்போது பழைய செடான் கார் ஒன்று இருக்கிறது, சாமான் எல்லாம் அதன் டிக்கியில்தான் போகிறது. இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரி, இரண்டு ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒயர் சுருள்கள். எடை போட்டுப் பார்த்ததில் 170 கிலோ வந்தது.

தை மாதம் என் அக்கா மகன், “மாமா, கட்டை ஸ்பிரிங் போட்டா வண்டி ரோட்டோட ஒட்டி ஓடும், பார்க்கவும் கெத்தா இருக்கும்” என்றான். கட்டை ஸ்பிரிங் என்றால் வண்டியைத் தாழ்த்தும் உயரம் குறைந்த ஸ்பிரிங். மதுரையில் ஒரு கடையில் நாலு சக்கரத்துக்கும் மாற்றினோம். டிக்கியில் என்ன ஏற்றுவீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலி வண்டியில் ஓட்டியபோது வளைவில் சாயாமல் நன்றாகவே இருந்தது. சாமான் ஏற்றியதும்தான் தொல்லை ஆரம்பித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் ‘டம்’ என்று இடிக்கும். மூன்றாவது மாதம் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் டேப் வைத்து அளந்து காட்டினார். பழைய ஸ்பிரிங்கில் காலி வண்டிக்கு பம்ப் ரப்பர் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) வரை 8 செ.மீ. இடைவெளி இருந்ததாம். புது ஸ்பிரிங் பின்பக்கத்தை 4 செ.மீ. இறக்கிவிட்டது, சாமான் இன்னும் 3 செ.மீ. இறக்கியது. மிச்சம் ஒரு விரல் இடம். கட்டை ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு விறைப்பு இருந்தாலும் அமுங்க இடம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் என்ன செய்யும்? அடி முழுக்க ரப்பரிலும் ஷாக்கிலும் பாடியிலும்தான் விழும். பின் சக்கரத்துக்குப் பின்னால் பாரம் உட்கார்ந்தால் முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டியரிங்கில் பிடிமானம் குறைந்ததை நானே உணர்ந்தேன்.

இதெல்லாம் என் செலவு, என் வண்டி. ஆனால் ஆடி வெள்ளி இரவு நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. அழகர்கோவில் பக்கம் விழா முடித்து வல்லாளப்பட்டி வழியாக வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். டிம்மில்தானே வருகிறேன், ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அப்போது எக்ஸ்எல் வண்டியில் வாழை இலைக் கட்டோடு வந்த ஒருவர் தாரை விட்டு இறங்கி மண்ணில் சாய்ந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு. “அண்ணே, உங்க லைட்டுல எனக்கு ரோடே தெரியல” என்றார். திட்டக்கூட இல்லை.

அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. முன்பக்கம் 2 செ.மீ.தான் தாழ்ந்திருந்தது, பின்பக்கம் சாமானோடு 7 செ.மீ. வித்தியாசம் 5 செ.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர் என்றால், 25 மீட்டர் தள்ளி வெளிச்சம் அரை மீட்டர் மேலே ஏறிவிடும். தரையைப் பார்க்க வேண்டிய டிம் லைட் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகிறது. ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னத் திருகு லைட்டை இறக்கத்தான் இருக்கிறது என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. பல கார்களில் இது உண்டு. சுமை ஏற்றினால் எண்ணைக் கூட்டி வைக்க வேண்டும்.

இப்போது கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டேன், ஷாக்கும் புதுசு. பாரம் ஏறினால் அதிலும் பின்பக்கம் தாழத்தான் செய்யும். ஆனால் தாழ்வதற்கு இடம் இருக்கிறது. பேட்டரி இரண்டையும் முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் இறக்கிக் கட்டிவிட்டேன், டிக்கியில் இப்போது பாதி எடைதான்.

வாடகை வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. சொந்தக் காரை 15 வருடம் வரை யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஸ்பிரிங் மாற்றித் தரும் கடைக்காரர்களுக்குத் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு வேண்டுகோள்: டிக்கியில் என்ன ஏற்றுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். நிரந்தரமாகச் சுமை ஏறுகிற வண்டி என்றால் மாற்றித் தராதீர்கள். திருவிழா இரவுகளில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் காவலர்கள் முகப்பு விளக்கு எந்த உயரத்தில் அடிக்கிறது என்பதையும் பார்த்தால், எக்ஸ்எல்லில் வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலாளி,
மேலூர்.