ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்களையும் அளந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல கேன்சர் பத்தி வர்ற கட்டுரை எல்லாத்தையும் விடாம படிக்கிறவ நான். புது மருந்து, ஆபரேஷன், சீக்கிரமா கண்டுபிடிக்கிறது எப்படி, இதெல்லாம் நிறைய வருது, நல்ல விஷயம் தான். ஆனா ட்ரீட்மென்ட் முடிஞ்சு வீட்டுக்கு போனவங்க எப்படி வாழறாங்கன்னு அளந்து பார்க்க முறை இருக்கு, முப்பது வருஷத்துக்கு மேல இருக்கு, அதை பத்தி நான் இதுவரைக்கும் படிச்சதே இல்ல, அதான் எழுதறேன்.

எனக்கு மார்பக புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூணும் ஆச்சு. செக்கப்புக்கு போனா டாக்டர் ரிப்போர்ட்டை பார்த்துட்டு "எப்படிம்மா இருக்கீங்க"ம்பாங்க, "நல்லா இருக்கேன் டாக்டர்"னு சொல்லிட்டு எழுந்து வந்துடுவேன். உயிரோட இருக்கோமேங்கற நன்றி மனசு பூரா இருக்கு, வெளிய அத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க, அப்ப போயி கை வீங்குது, பாதம் மரத்து போகுது, ராத்திரி தூக்கம் இல்லன்னு எப்படிங்க சொல்றது? தாம்பத்தியம் பத்தின கஷ்டம்லாம் வாய்லயே வராது.

அப்புறம் ஒரு ஆராய்ச்சிக்காக ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. ஈஓஆர்டிசி க்யூஎல்க்யூ சி30ன்னு பேரு, ஈஓஆர்டிசிங்கறது ஐரோப்பாவுல இருக்கிற கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு, 1993ல வந்தது, நூறு மொழிக்கு மேல இருக்கு. மொத்தம் 30 கேள்வி. கனமான பை தூக்க கஷ்டமா இருக்கா, பகல்லயே படுக்க வேண்டியிருக்கா, ஞாபக மறதி இருக்கா, நோயால குடும்ப வாழ்க்கை கெடுதா, பணக்கஷ்டம் வந்துச்சா, இப்படி போகும். பேப்பர் படிக்கிறப்பவோ டிவி பார்க்கிறப்பவோ கவனம் நிக்குதான்னு ஒண்ணு இருக்கு, அதை படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா ஒரே பத்தியை திரும்ப திரும்ப படிச்சுட்டு இருந்தேன், வயசாகுது போலன்னு நானே நினைச்சுட்டு இருந்தேன், இதை ஒருத்தங்க கேள்வியா அச்சடிச்சு வச்சிருக்காங்கன்னா என்னை மாதிரி எத்தனை பேர் இருக்கணும்!

பதில்களை 0ல இருந்து 100க்குள்ள ஸ்கோரா மாத்துவாங்க. பொதுவா 10 பாயின்ட் மாறினாலே அந்த ஆளுக்கு வித்தியாசம் தெரியுதுன்னு எடுத்துக்குவாங்க. நோயாளி தன் அன்றாட வேலையை எவ்வளவு தூரம் பார்த்துக்க முடியுதுன்னு அளக்க 1940கள்லயே கர்னாஃப்ஸ்கி ஸ்கோர்னு ஒண்ணு வந்துச்சு, ஆனா அதுல மார்க் போடறது டாக்டர். இதுல மார்க் போடறது நாம. என்னை கேட்டா இது தான் பெரிய விஷயம், வலியும் அசதியும் ஸ்கேன்ல தெரியாது, அனுபவிக்கிறவங்க தான் சொல்லணும்.

அதுக்காக இந்த ஃபார்ம் மட்டும் போதும்னு சொல்லல. இது ட்ரீட்மென்ட்ல இருக்கிறவங்களை மனசுல வச்சு பண்ணது, போன ஒரு வாரத்தை பத்தி தான் பெரும்பாலும் கேக்குது. திரும்ப வந்துடுமோங்கற பயத்தை தனியா கேக்கல, ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்களுக்கு அதை விட பெருசு என்ன இருக்கு, டெஸ்ட் எடுக்க போற வாரம் ஒரு மாதிரி, ரிப்போர்ட் நல்லா வந்த வாரம் வேற மாதிரி. நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே க்யூஎல்ஏசிஎஸ்னு ஒண்ணு இருக்கு, 47 கேள்வி, போன நாலு வாரத்தை கேக்கும், அந்த பயம், தோற்றம் மாறினது, தாம்பத்தியம், நம்ம வீட்டு ஆளுங்களுக்கும் வந்துடுமோங்கற கவலை எல்லாம் அதுல உண்டு.

நாளாக நாளாக மனுஷன் கஷ்டத்துக்கு பழகிடுவான், உடம்பு அப்படியே இருந்தாலும் ஸ்கோர் நல்லா ஆன மாதிரி காட்டும், அப்புறம் இதை எப்படி நம்பறதுன்னு சில பேர் கேக்கலாம். நியாயம் தான். அதனால தான் ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடியே ஒரு தடவை எழுதி வாங்கிட்டு, ஒவ்வொரு செக்கப்புலயும் தொடர்ந்து வாங்கணும்ங்கறேன்.

இதனால என்ன பிரயோஜனம்னா, 2017ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி முடிவு வந்துச்சு, 766 பேர். தங்களோட தொந்தரவுகளை கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணி, மோசமானா நர்ஸுக்கு தகவல் போன குரூப்ல பாதி பேர் 31 மாசத்துக்கு மேல உயிரோட இருந்தாங்க, வழக்கமான கவனிப்புல அது 26 மாசம். அவங்க கீமோல இருந்த முற்றின நோயாளிங்க, என்னை மாதிரி முடிஞ்சவங்க இல்ல, அதை மறைக்க விரும்பல. ஆனா கேட்டதோட விடாம ஒருத்தங்க படிச்சு நடவடிக்கை எடுத்தாங்க பாருங்க, அது எங்களுக்கும் வேணும். கை வீக்கத்தை ஆரம்பத்துலயே பிடிச்சா பிசியோதெரபி, கம்ப்ரெஷன் ஸ்லீவ் (கையை இறுக்கமா பிடிக்கிற உறை)னு கட்டுப்படுத்தலாம். நான் எழுதி குடுத்த ஃபார்ம் ஆராய்ச்சி ஃபைலுக்கு போச்சு, என் டாக்டர் கைக்கு வரவே இல்ல.

அடுத்த தடவை கேன்சர் டாக்டர் யாரையாவது பேட்டி எடுத்தா, ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்ககிட்ட இப்படி ஒரு ஃபார்ம் வாங்கறீங்களா, வாங்கினா அதை யார் படிக்கிறாங்கன்னு கேட்டு, அவங்க சொல்ற பதிலை அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி