பெயர் போடாத அட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் மகளின் கல்யாணப் பத்திரிகையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதல் நாளே வந்துவிடுவோம். என் முழங்கால்தான் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. முப்பது வருடம் பேஸ் டிரம் பெடலை மிதித்ததற்கு வட்டி!

நாம் வாசித்த கேசட் அட்டையில் நம் பெயர் இல்லை என்று இன்னமும் புலம்பியிருக்கிறாயே, அதைப் படித்ததும் அமெரிக்க டிரம்ஸ்காரர் ஏர்ல் பால்மர் நினைவுக்கு வந்தார்.

1924-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். குச்சி பிடிப்பதற்கு முன்பே கால்தான் பேசியது. சின்னப் பையனாக மேடைகளில் டாப் டான்ஸ் ஆடினார். ராணுவத்திலிருந்து திரும்பி, அரசு உதவியில் இசைப் பள்ளியில் படித்து, 1947-ல் டேவ் பார்த்தலோமியூ குழுவில் சேர்ந்தார். மனசெல்லாம் ஜாஸ். சோறு போட்டது அன்றைய கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசையான ரிதம் அண்ட் புளூஸ்.

1949 டிசம்பரில் பாடகர் ஃபேட்ஸ் டோமினோவின் 'தி ஃபேட் மேன்' பாட்டு பதிவானது. ஒரு கடையின் பின்னறைதான் ஸ்டூடியோ. நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் ஓங்கி விழும் அடி, பழைய டிக்ஸிலாண்டு ஜாஸில் கடைசிச் சுற்றில்தான் வரும். பால்மர் அதைப் பாட்டு முழுக்க அடித்தார். பந்தி முடிவில் வரவேண்டிய பாயசத்தை இலை போட்டதுமே ஊற்றின மாதிரி.

அப்புறம் பியானோ வாசித்துக்கொண்டே பாடும் லிட்டில் ரிச்சர்ட் வந்தார். அதுவரை எல்லாம் ஷஃபிள்; நம் கணக்கில் திஸ்ர நடை, ஆடி அசைந்து போகும். ரிச்சர்டின் வலக்கையோ பியானோவில் சம இடைவெளியில், நேராகப் பொரிந்து தள்ளும். அதோடு ஒட்டிப் போகத்தான் தானும் நேர் அடிக்கு மாறியதாகப் பால்மரே சொல்லியிருக்கிறார். ராக் அண்ட் ரோல் டிரம்ஸ் பிறந்த கதை இவ்வளவுதான், பக்கத்தில் வாசிப்பவனுக்கு இடைஞ்சல் கூடாது என்பது. (உன் பேஸ் கிட்டாரோடு ஒட்ட நான் பட்ட பாடு உனக்கே தெரியும்.)

1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். பாடகர் ரிச்சி வாலன்ஸின் 'லா பாம்பா' பாட்டில் கேட்பது அவர் கைதான். சினிமா, டிவி என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஓட்டம். சங்கம் நிர்ணயித்த கூலி கிடைக்கும். இசைத்தட்டு எவ்வளவு விற்றாலும் ராயல்டி வராது. லேபிளில் பெயரும் இருக்காது. பிற்காலத்தில் அந்த ஊர் இசைக்கலைஞர் சங்கத்துக்கே பொருளாளரானார். கூலிக் கணக்கு அத்துப்படியான ஆள் இல்லையா!

2000-ல் ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் வருடமே அவரைச் சேர்த்தார்கள். அப்போது வயது 75. 2008-ல் போய்விட்டார்.

சரி, அந்தக் கேசட் இன்னும் ஓடுகிறதா? இருந்தால் கல்யாணத்தன்று எடுத்து வை. இரண்டாவது பாட்டின் சரணத்தில் நீ ஒரு இடத்தில் தாளம் விட்டாய். பெயர் போடாதவன் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய டிரம்ஸ்காரன்